நங்கூரத்தில் நின்று புயலைக் கடத்தல்: படகில் குடியிருப்போருக்கு அறிகுறிவாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

கரீபியன் தீவு நாடான கிரெனடாவின் தென்கரையில் உள்ள பிரிக்லி பே, கிளார்க்ஸ் கோர்ட் பே போன்ற விரிகுடாக்களில் ஜூன் முதல் நவம்பர் வரை பாய்மரப் படகுகளிலேயே குடியிருப்பவர்கள் பலர். அட்லாண்டிக் ஹரிக்கேன் பருவத்தில் 12 பாகை 40 கலை வட அட்சரேகைக்குத் தெற்கே படகை வைத்திருக்குமாறு காப்பீட்டு நிறுவனங்கள் பல கேட்பதும், கிரெனடா 12 பாகையை ஒட்டி இருப்பதும் இதற்குக் காரணம். ஆனால் அந்தக் கோடு காப்பீட்டுக்காரர்கள் போட்டது. புயல் அதை மதித்ததில்லை. 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் கிரெனடாவைத் தாக்கியது. 2024 ஜூலை 1 அன்று பெரில் நான்காம் வகை ஹரிக்கேனாகக் கிரெனடாவைச் சேர்ந்த கேரியாகூ தீவில் கரையேறியபோது, அத்தீவின் டிரெல் பேயின் அலையாத்திக் காட்டுக்குள் அடைக்கலம் புகுந்திருந்த படகுகளும் சேதத்திலிருந்து தப்பவில்லை.

இங்கே சொல்லப்படுபவை, ஏறத்தாழ 12 மீட்டர் நீளமுள்ள ஒற்றை உடல் படகு ஒன்று, 34 முதல் 63 நாட் வரை (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று வீசும் வெப்பமண்டலப் புயலை நங்கூரத்தில் நின்று எதிர்கொள்ளும் நிலைமைக்கு உரியவை. 64 நாட்டுக்கு மேல், அதாவது ஹரிக்கேன் நேராக வருகிறது என்ற முன்னறிவிப்பு இருந்தால், படகிலிருந்து கழற்றக்கூடிய அனைத்தையும் கழற்றிவிட்டு, கட்டக்கூடிய அனைத்தையும் கட்டிவிட்டு, மனிதர்கள் கரைக்குப் போய்விட வேண்டும். அந்த முடிவை இரண்டு நாள் முன்னதாகவே எடுத்துவிடுவது நல்லது. காற்று 40 நாட்டைத் தொட்ட பிறகு ரப்பர் படகில் கரைக்குப் போவது, படகிலேயே இருப்பதைவிட ஆபத்தானது.

அறிகுறிகளுக்குள் போகுமுன் ஒரு கணக்கு. காற்றின் வேகம் இரு மடங்கானால் படகின் மீது விழும் விசை நான்கு மடங்காகிறது. அமெரிக்கப் படகு மற்றும் யாட் கவுன்சிலின் அட்டவணை, 40 அடிப் படகின் நங்கூரக் கட்டமைப்பை 30 நாட் காற்றுக்கு 1,200 பவுண்டு, அதாவது சுமார் 545 கிலோ இழுவையைத் தாங்கும்படி கணக்கிடச் சொல்கிறது. 60 நாட்டில் அதே கணக்கு 2,180 கிலோவைத் தொடுகிறது. எனவே நேற்றைய மழைக்காற்றில் அசையாமல் நின்ற நங்கூரம் இன்றிரவும் நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. எந்த அறிகுறி தென்பட்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த இழுவை இப்போது எந்த உறுப்பின் மீது போய் நிற்கிறது என்பதுதான். அதைக் கண்டறியாமல் கை வைத்தால், சரியாக இருந்த ஒன்றைத் தளர்த்திவிட்டு, பழுதானதை அப்படியே விட்டுவிடுவோம்.

ஜிபிஎஸ் நங்கூர எச்சரிக்கை ஒலிக்கிறது

எச்சரிக்கை ஒலித்ததுமே நங்கூரம் பெயர்ந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். எச்சரிக்கை வட்டத்தின் மையத்தை நங்கூரம் விழுந்த இடத்தில் குறிக்காமல், நங்கூரமிட்ட பிறகு படகு நின்ற இடத்தில் குறித்திருந்தால், காற்று எதிர்த்திசைக்குத் திரும்பும்போது படகு வட்டத்தின் ஆரத்தைப் போல இரு மடங்கு தூரம் நகர்ந்திருக்கும். கருவி கத்தும், நங்கூரம் இருந்த இடத்திலேயே இருக்கும். திரையில் படகின் தடத்தைப் பாருங்கள். தடம் ஒரே பிறை வடிவத்தை மீண்டும் மீண்டும் வரைந்தால் படகு ஊசலாடுகிறது, அவ்வளவே. முதல் பிறைக்குப் பின்னால், காற்றடிக்கும் திசையில், இரண்டாவது பிறை ஒன்று உருவாகத் தொடங்கினால் நங்கூரம் நகர்கிறது.

திரையை மட்டும் நம்பாமல் உடலாலும் சரிபார்க்க வேண்டும். நங்கூரம் பெயர்ந்து இழுபடும் படகின் அணியம், அதாவது முன்முனை, காற்றை விட்டு விலகி, படகு பக்கவாட்டில் திரும்பி நிற்கும்; நங்கூரம் எங்காவது ஒரு நொடி பிடித்ததும் அணியம் வெடுக்கென்று காற்றை நோக்கித் திரும்பும்; பிறகு மறுபடியும் விலகும். தவழ்ந்தபடியே அணியத்துக்குப் போய், விறைத்து நிற்கும் சங்கிலியின் மீது உள்ளங்கையை வைத்தால், இழுபடும் நங்கூரம் கற்களின் மீது உரசும் அதிர்வு கரகரவென்று கைக்குத் தெரியும். சேற்றுத் தரையில் அந்த அதிர்வு மழுங்கிவிடும். அங்கே அதிர்வு இல்லை என்பதை நற்செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நகர்வு மெதுவாக இருந்து, பின்னால் இடமும் இருந்தால், சங்கிலியைக் கூடுதலாக விடுவதே முதல் மருந்து. எவ்வளவு என்பதைக் கடலின் ஆழத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுவது பரவலான தவறு. ஆழம் 5 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியத்து உருளையின் உயரம் 1.5 மீட்டர், புயல் எழுப்பும் நீர்மட்ட உயர்வு 1 மீட்டர் என்றால், கணக்குக்குரிய உயரம் 7.5 மீட்டர், அதற்கு ஏழு மடங்கு என்பது 52 மீட்டருக்கு மேல். இடம் இருந்தால் பத்து மடங்கு வரை விடலாம். விடும்போது சங்கிலியைத் தடையின்றி ஓடவிடாமல், சில மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, இழுவை மெல்ல ஏறும்படி விட வேண்டும்.

படகு ஏற்கெனவே வேகமாகப் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தால் சங்கிலியை விட்டுப் பயனில்லை. இரண்டு மூன்று நாட் வேகத்தில் இழுபடும் நங்கூரம், அதிலும் அலகில் புல்லும் சேறும் அப்பிக்கொண்ட நங்கூரம், தானாக மீண்டும் ஊன்றிக்கொள்வது அரிது. முதலில் இன்ஜினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், பிறகுதான் சங்கிலி. இன்ஜினை முன்னோக்கி ஓட்டும்போது நோக்கம் இழுவையைக் குறைப்பது மட்டுமே. அளவு மீறி ஓட்டினால் படகு நங்கூரத்தின் மேல் ஏறிப்போய், சங்கிலி தொய்ந்து, அடுத்த வீச்சில் அணியம் விலகி, படகு முழு வேகத்தில் பின்னோக்கிப் பாய்ந்து சங்கிலியை வெட்டியிழுக்கும். இன்ஜினின் உதவி இல்லாமலே ஒருவேளை தாங்கியிருக்கக்கூடிய நங்கூரம் அந்த ஒரு வெட்டில் பிடுங்கிக்கொள்ளும். சுக்கானைப் பிடிப்பவர் முக்குளிக்கும் கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொள்ளட்டும். 50 நாட் காற்றில் மழைத்துளி ஊசியாகக் குத்தும். கண்ணைத் திறக்க முடியாதவரால் அணியம் எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்க்க முடியாது.

படகு இடமும் வலமுமாக ஓயாமல் வீசி ஆடுகிறது

பாய்மரப் படகுக்கு இது இயல்பு. காற்றைத் தாங்கும் பரப்பு முன்பக்கம் அதிகமாகவும், நீரைப் பிடிக்கும் பரப்பு நடுவிலும் பின்னாலும் இருப்பதால், நங்கூரத்தில் நிற்கும்போதும் படகு பாய் விரித்ததுபோல ஒரு பக்கம் ஓடி, சங்கிலி இழுத்ததும் திரும்பி, மறுபக்கம் ஓடுகிறது. ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் படகின் பக்கவாட்டு முழுவதும் காற்றுக்குக் காட்டப்படுவதால், இழுவை அங்கேதான் உச்சத்தைத் தொடுகிறது. நங்கூரங்கள் பெரும்பாலும் பிடுங்கப்படுவது நேர்க்காற்றால் அல்ல, இந்த ஓரத்து வெட்டால்தான்.

சுருட்டி வைத்த முன்பாயைக் கழற்றி உள்ளே வைப்பது இதற்கு முதல் தீர்வு. காற்று எழுவதற்கு முன் மட்டுமே செய்யக்கூடியது. காற்று எழுந்த பிறகு செய்யக்கூடியவை வேறு. ஆட்டத்தைக் குறைக்கும் சிறு பாய் ஒன்றைப் பின்கம்பியில், அதாவது பாய்மரத்தைப் பின்னாலிருந்து தாங்கும் கம்பியில், ஏற்றலாம். அதை நடுவில் கட்டாமல் சற்றே ஒரு பக்கமாக இழுத்துக் கட்டினால் படகு ஒரே பக்கத்தில் சாய்ந்து நிற்கும். இன்னொரு வழி எளிமையானது, நடைமுறையில் மிகவும் பயன்படுவது: இரண்டாவது நங்கூரம் ஒன்றை அணியத்துக்கு நேர் கீழே, ஆழத்தைவிடச் சற்றே நீளமான கயிற்றில் இறக்கிவிடுவது. அது ஊன்றிப் பிடிக்க வேண்டியதில்லை; தரையில் உரசியபடி அணியத்தின் வேகத்தைக் குறைத்தாலே போதும். சுக்கானை நடுவில் நிறுத்திக் கட்டிவிடவும். கட்டப்படாத சுக்கான் ஒவ்வொரு வீச்சிலும் அதன் எல்லையில் போய் மோதி இணைப்புகளைத் தளர்த்தும்.

முன்கூட்டியே V வடிவில் இரண்டு நங்கூரம் போடுவதைச் சிலர் முதல் ஆலோசனையாகச் சொல்வார்கள். காற்று 60 பாகைக்குள் வீசும்வரை அது அருமையான ஏற்பாடு. புயலில் காற்று 180 பாகை சுற்றும்போது இரண்டு கயிறும் முறுக்கிக்கொள்ளும்; அந்த முறுக்கை இருட்டில் பிரிக்க நேர்ந்தவர்கள் அடுத்த முறை பெரிய நங்கூரம் ஒன்றையே நம்புவார்கள். நான் அந்தக் கட்சி.

படகின் உடலில் 'டங்' என்று அடி விழுவதுபோல் அதிர்கிறது

நங்கூரச் சங்கிலிக்கும் படகுக்கும் இடையே அதிர்வைத் தாங்கும் நைலான் கயிறு, அதாவது ஸ்னப்பர், அறுந்துவிட்டது அல்லது போதிய நீளமில்லை என்பதே இதன் பொருள். பலத்த காற்றில் சங்கிலி தன் தொய்வு முழுவதையும் இழந்து கம்பிபோல் நிற்கும். அதன் பிறகு படகையும் நங்கூரத்தையும் காப்பாற்றும் நெகிழ்வு நைலானில் மட்டும்தான் இருக்கிறது. 12 மீட்டர் படகுக்கு 14 முதல் 16 மில்லிமீட்டர் தடிமனுள்ள முப்புரி நைலான், குறைந்தது 8 முதல் 10 மீட்டர் நீளம் வேண்டும். இன்னும் தடிமனாக இருந்தால் பலம் கூடும், நெகிழ்வு குறையும். நமக்கு வேண்டியது நெகிழ்வு.

உடனே செய்ய வேண்டியது, சங்கிலியை ஏற்றி இறக்கும் இயந்திரமான விண்ட்லாஸின் மீது இழுவை போகிறதா என்று பார்ப்பது. ஸ்னப்பர் அறுந்த கணத்தில் முழு இழுவையும் அந்தச் சிறிய இயந்திரத்தின் அச்சுக்கும், அதை மேல்தளத்தோடு பிணைக்கும் திருகுகளுக்கும் போகிறது; அவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சங்கிலி நிறுத்தியைப் பூட்டவும். பிறகு மாற்றுக் கயிற்றை அணியத்துக்கு வெளியே சங்கிலியில் மாட்டி, மேல்தளத்தில் கயிறு கட்டும் கொம்பான கிளீட்டில் கட்டி, சங்கிலியை மெல்ல விட்டு இழுவையைக் கயிற்றுக்கு மாற்றவும். மாற்றுக் கயிறு கொக்கியோடு தயாராக, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பெட்டியின் அடியில் இருக்கும் கயிறு இல்லாத கயிறுதான்.

கயிறு ஏன் அறுந்தது என்று அறுந்த முனையைப் பார்த்தால் தெரியும். நார்கள் பஞ்சாய்ப் பிரிந்திருந்தால் உராய்வு. முனைகள் உருகி, கண்ணாடி மணிபோல் கெட்டியாகி இருந்தால் வெப்பம். நைலான் விரிந்து சுருங்கும்போது உள்ளே வெப்பம் உண்டாகிறது; உராய்வைத் தடுக்கக் கயிற்றைச் சுற்றி இறுக்கமான பிளாஸ்டிக் குழாயை மாட்டிவிட்டால், மழைநீர் உள்ளே புகாமல் அந்த வெப்பம் அங்கேயே தேங்குகிறது. பழைய தீயணைப்புக் குழாயின் துணி உறையைத் தளர்வாக மாட்டுவதே சரி. மணிக்கு ஒருமுறை கயிற்றை ஒரு சாண் அளவு விட்டு, உராயும் இடத்தை மாற்றவும். இந்த வேலை முழுவதிலும் இழுவையில் நிற்கும் கயிற்றுக்கு நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்து திரும்பும் நைலான் எலும்பை முறிக்கும்.

பில்ஜ் பம்பு நிற்காமல் ஓடுகிறது

முதலில் பில்ஜில், அதாவது படகின் அடியில் நீர் சேரும் குழியில், உள்ள தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பாருங்கள்; டீசல் வாடை இருந்தாலும் உப்பு தெரியும். நல்ல தண்ணீர் என்றால் மழை அல்லது குடிநீர்த் தொட்டி. கேபினைத் துளைத்து அடிக்கட்டை வரை இறங்கும் பாய்மரம் உள்ள படகுகளில், மழை அந்த மரத்தின் உள்ளேயே வழிந்து பில்ஜுக்கு வருவது வழக்கம். எரிச்சல் தரும், படகை மூழ்கடிக்காது. உப்பு என்றால் தேடல் தொடங்க வேண்டும். நங்கூரச் சங்கிலி இறங்கும் துளை, புரொப்பெல்லர் தண்டு வெளியேறும் இடம், சுக்கான் தண்டு, கழிப்பறைக் குழாய், கடல்நீர் வந்துபோகும் துளையை மூடித் திறக்கும் ஒவ்வொரு கடல் வால்வின் குழாய் என்ற வரிசையில் டார்ச்சோடு பாருங்கள். அணியம் அலைக்குள் குத்தி எழும்போது சங்கிலித் துளைவழியே இறங்கும் தண்ணீரின் அளவு புதியவர்களை வியக்க வைக்கும். களிமண்ணோ பழந்துணியோ வைத்து அடைத்தால் அது நின்றுவிடும்.

வேகம் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே உள்ள 38 மில்லிமீட்டர் துளை ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 லிட்டரை உள்ளே விடும். மணிக்கு 2,000 அமெரிக்க கேலன் என்று அச்சிட்ட பம்பு, காகிதத்திலேயே நிமிடத்துக்கு 126 லிட்டர்தான். குழாயின் ஏற்றமும் குறைந்த மின்னழுத்தமும் சேர்ந்தால் அதைவிடக் கணிசமாகக் குறையும். ஆகவே பம்பை நம்பித் தேடலைத் தள்ளிப்போட முடியாது. ஒவ்வொரு கடல் வால்வின் பக்கத்திலும் அதே அளவுள்ள மென்மரக் கூம்பு ஒன்று கயிற்றில் கட்டித் தொங்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

பம்பு ஓடும் ஓசை கேட்டும் வெளியே தண்ணீர் விழவில்லை என்றால், உறிஞ்சு முனையில் குப்பை அடைத்திருக்கும். புயல் ஆட்டத்தில் பில்ஜின் மூலைகளில் ஆண்டுக்கணக்காய்க் கிடந்த முடி, மரத்தூள், பாட்டில் லேபிள் எல்லாம் கிளம்பிவரும். பம்பு ஒருபோதும் தானாக நிற்காமல், பில்ஜும் காய்ந்திருந்தால் மிதவை சுவிட்ச் சிக்கியிருக்கிறது. தண்ணீரை வெளியேற்றிய பிறகு அது திரும்பி வந்தால், படகு சாயும்போது நீருக்குள் அமிழும் வெளியேற்றுத் துளைவழியே கடல்நீர் சைஃபனாய் உள்ளே வருகிறதா என்று பாருங்கள். சுக்கான் பிடிப்பவர் இருக்கும் திறந்த பள்ளமான காக்பிட்டின் வடிகால்களையும் மறக்க வேண்டாம். அலையாத்தி இலைகள் இரண்டு போதும் அவற்றை மூட, அதன் பிறகு காக்பிட்டில் நிரம்பும் மழை கேபின் வாசல் வழியே உள்ளே இறங்கும்.

இன்ஜின் நின்றுபோகிறது

எப்படி நின்றது என்பதே எதனால் நின்றது என்பதைச் சொல்லும். சுழற்சி ஏறி இறங்கித் தடுமாறி, பிறகு மெல்ல அடங்கினால் டீசல் போகவில்லை. கியரில் போட்டதும் 'டக்' என்று நின்று, நியூட்ரலில் ஒழுங்காக ஓடினால் புரொப்பெல்லரில் கயிறு. பெரும்பாலும் அது நம்முடைய ரப்பர் படகின் கயிறாகவே இருக்கும். வெப்ப எச்சரிக்கை ஒலித்து, புகைபோக்கியின் ஓசை வறண்டு வெறுமையாக மாறினால் குளிர்விக்கும் கடல்நீர் வரவில்லை.

டீசல் வராததற்குப் புயலில் ஒரே காரணம்தான் மிகுதி: அமைதியான நாட்களில் தொட்டியின் அடியில் படிந்த கசடு, ஆட்டத்தில் கலங்கி ஃபில்டரை அடைத்துவிடுகிறது. ராக்கர் போன்ற முதல்நிலை ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தில் கருப்புத் துகளோ, அடியில் தனியாக நிற்கும் தண்ணீரோ தெரியும். ஃபில்டரை மாற்றி, இன்ஜினில் உள்ள காற்று வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, குமிழி நின்று டீசல் தெளிவாக வரும்வரை தள்ளவும். இந்த வேலையைச் சாய்ந்தாடும் படகில், டீசல் வாடையில், தலைவிளக்கின் ஒளியில் முதன்முறையாகச் செய்து பழக முடியாது. அமைதியான நாளில் இரண்டு முறை செய்து பார்த்திருக்க வேண்டும். இரண்டு ஃபில்டர்களை இணையாக வைத்து, வால்வைத் திருப்பினால் மற்றதுக்கு மாறும்படி அமைத்துக்கொள்வதற்கு ஆகும் செலவு, இந்தப் பட்டியலிலேயே மிகவும் நியாயமான செலவு என்பது என் எண்ணம்.

குளிர்விக்கும் நீர் வராததற்கு, 2011 முதல் கிழக்குக் கரீபியனில் பெருந்திரளாக ஒதுங்கும் சார்காசம் கடற்பாசியை முதலில் சந்தேகியுங்கள். கடல் வால்வை மூடி, வடிகட்டியின் மூடியைத் திறந்து, பாசியை அள்ளி எறிந்து, வடிகட்டியை மூடி, வால்வை மீண்டும் திறக்கவும். வடிகட்டி சுத்தமாக இருந்தும் நீர் வரவில்லை என்றால் அடைப்பு படகின் வெளித்துளையில் இருக்கிறது. குழாயைக் கழற்றி, ரப்பர் படகுக்குக் காற்றடிக்கும் மிதிபம்பை அதில் பொருத்தி, உள்ளிருந்து வெளியே ஊதித் தள்ளலாம். இதற்கிடையே இன்ஜின் சில நிமிடம் வறண்டு ஓடியிருந்தால், கடல்நீர்ப் பம்பின் உள்ளே சுழலும் இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் முறிந்திருக்கக்கூடும். மாற்றும்போது முறிந்த துண்டுகளை எண்ணிப் பொறுக்கிவிட வேண்டும், விட்டவை வெப்பமாற்றியில் போய் அடைக்கும்.

ஸ்டார்ட் ஆகாத இன்ஜினை மீண்டும் மீண்டும் முடுக்கும்போது கடல்நீர் வால்வை மூடிவிட்டு முடுக்கவும். ஒவ்வொரு முடுக்கலிலும் பம்பு கடல்நீரைப் புகைபோக்கியின் நீர்க்கலத்துக்கு அனுப்புகிறது. இன்ஜின் ஓடாததால் அதை வெளியே தள்ளப் புகை இல்லை. கலம் நிரம்பி, நீர் திரும்பி சிலிண்டருக்குள் இறங்கினால் அந்த இரவு மட்டுமல்ல, அந்த இன்ஜினே முடிந்தது. இன்ஜின் பற்றிக்கொண்ட நொடியில் வால்வைத் திறக்க ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

விளக்குகள் மங்குகின்றன, கருவிகள் அணைந்து எரிகின்றன

ஈய அமில பேட்டரியில் 12.2 வோல்ட் என்பது ஏறத்தாழப் பாதி இருப்பு. சுமையில் இருக்கும்போது அளவு இன்னும் குறைவாகக் காட்டும். ஃபிரிட்ஜையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, பில்ஜ் பம்பு, விஎச்எஃப் ரேடியோ, நங்கூர விளக்கு ஆகியவற்றுக்கு மட்டும் மின்சாரத்தை ஒதுக்கவும். காற்றாலை ஜெனரேட்டர் இதுதான் தன் நேரம் என்று சுழலும்; அதை நம்பாமல் முன்னதாகவே கட்டிவிட வேண்டும், கட்டுமீறிச் சுழலும் இறக்கை முறிந்து பறக்கும். மின்னல் இருந்தால் கையடக்க ஜிபிஎஸ்ஸையும் ரேடியோவையும் சமையலறை ஓவனுக்குள் வைப்பது படகுவாசிகளின் பழக்கம். உறுதியான பாதுகாப்பு அல்ல, ஆனால் செலவில்லாதது.

முன்பாய் ஒரு மூலையில் அவிழ்ந்து படபடக்கிறது

ஓசை சிறிதாக இருக்கும்போதே போங்கள். பாயிழுக்கும் கயிற்றை இறுக்கி, உபரிப் பாயேற்றும் கயிற்றைச் சுருளைச் சுற்றி மேலிருந்து கீழாகச் சுற்றிக் கட்டினால் பெரும்பாலும் அடங்கும். முழுதாக விரிந்துவிட்டால், பாயைக் காப்பாற்ற நினைக்காமல் கத்தியை எடுப்பதே சரி. பாய் விலைக்குக் கிடைக்கும்.

பக்கத்துப் படகு நம்மை நோக்கி வருகிறது

புயலில் நம்முடைய நங்கூரம் மட்டும் உறுதியாக இருந்தால் போதாது என்பது இங்கேதான் உறைக்கும். மோதலைத் தாங்கும் மிதவைகளான ஃபெண்டர்களில் பெரியவற்றை வரும் பக்கத்தில் தொங்கவிடுங்கள். கையையோ காலையோ இடையில் நீட்ட வேண்டாம். பத்து டன் படகைக் காலால் தள்ள முயன்றவருக்குக் கால் போகும். சுக்கானைத் திருப்பி நம் படகை ஒரு பக்கமாக வீசச் செய்தோ, சங்கிலியைக் கூட்டியோ வழிவிட முடியுமா என்று பாருங்கள். அவர்களுடைய நங்கூரம் நம் சங்கிலியில் மாட்டிக்கொண்டு, இரண்டு படகின் சுமையும் ஒரே நங்கூரத்தில் விழுந்தால், சங்கிலியை விட்டுவிட்டுக் கிளம்புவதே மீதி வழியாக இருக்கலாம். அதற்காகவே சங்கிலியின் உள்முனையைப் படகோடு இரும்பால் பிணைக்காமல், மேல்தளத்துக்கு எட்டும் நீளமுள்ள நைலான் கயிற்றால் கட்டியிருக்க வேண்டும்: கத்தியால் ஒரு வெட்டு, மிதவையாக ஒரு ஃபெண்டர், மறுநாள் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

காற்று திடீரென்று நின்றுவிட்டது

காற்றழுத்தமானியைப் பாருங்கள். வெப்பமண்டலத்தில் புயல் இல்லாத நாளிலும் அழுத்தம் காலை, இரவு 10 மணி அளவில் உயர்ந்து, அதிகாலை, மாலை 4 மணி அளவில் தாழும். அந்த 3 ஹெக்டோபாஸ்கல் ஏற்ற இறக்கத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறத் தொடங்காமல், அடிமட்டத்திலேயே நின்றபடி காற்று மட்டும் ஓய்ந்தால் நீங்கள் புயலின் மையத்தில் இருக்கிறீர்கள். அடுத்த காற்று எதிர்த்திசையிலிருந்து, முன்னெச்சரிக்கை இல்லாமல் வரும். அந்த இடைவேளையில் செய்ய வேண்டியவை ஸ்னப்பரின் உராய்வுக் காப்பை மாற்றுவதும், வடிகால்களைத் துப்புரவாக்குவதும், பின்னால் இப்போது எது இருக்கிறது என்று பார்ப்பதும்தான். ரப்பர் படகில் அண்டை வீட்டாரை நலம் விசாரிக்கப் போகும் நேரம் அல்ல.

மையத்துக்குள் மாட்டாதவர்களுக்கும் காற்றின் சுழற்சி முக்கியம். வட அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுழல்கிறது. மேற்கு நோக்கி நகரும் புயலின் மையம் கிரெனடாவுக்கு வடக்கே கடந்தால், காற்று வடக்கில் தொடங்கி, வடமேற்கு, மேற்கு, பிறகு தென்மேற்கு என்று மாறும். வழக்கமான கிழக்குக் காற்றுக்கு ஒதுக்குப்புறமாய் இருந்த தென்கரை விரிகுடாவுக்குள், கடைசிக் கட்டத்தில் தென்மேற்கிலிருந்து அலை நேராக நுழையும். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில் படகு குதிக்கத் தொடங்கும். 1999 நவம்பரில் லென்னி ஹரிக்கேன் மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்து, புயலுக்குப் பழக்கமே இல்லாத மேற்குக் கரைகளை அலையால் அடித்தது. எந்த விரிகுடாவும் எல்லாத் திசைக்கும் மறைவான இடம் அல்ல.

படகில் இருப்பவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்

இதையும் பிழைப் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும். நனைந்த உடையில் காற்றில் நின்றவருக்கு, 27 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலும் குளிர் பிடிக்கும். கடல் நோயில் வாந்தியெடுத்தவருக்கு நீரிழப்பு சேர்ந்துகொள்ளும். முடிவெடுக்கும் திறன் முதலில் போகும். உலர்ந்த உடை, சர்க்கரையும் உப்பும் கலந்த நீர், ஒரு மணி நேரம் தரையில் படுக்கை. பொறுப்பை மற்றவர் எடுத்துக்கொள்ளட்டும். தலைவலியும் தூக்கமும் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் வந்தால் களைப்பு என்று எண்ண வேண்டாம். கதவுகளையெல்லாம் அடைத்த கேபினுக்குள், வெளியே ஓடும் ஜெனரேட்டரிலிருந்தோ அடுப்பிலிருந்தோ கார்பன் மோனாக்சைடு சேர்ந்திருக்கலாம். உடனே அணைத்து, வாசலைத் திறந்து, இருவரும் வெளியே வர வேண்டும். மழை உள்ளே வந்தால் வரட்டும்.

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் விஎச்எஃப் 16ஆம் அலைவரிசையில் மேடே என்ற அபாய அழைப்பு. உதவி தேவை ஆனால் உயிருக்கு ஆபத்து இன்னும் இல்லை என்றால் பான்-பான் என்ற அவசர அழைப்பு. இருப்பிடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஒரு தாளில் எழுதி ரேடியோவின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். நடுங்கும் குரலில் திரையைத் தேடிப் படிக்க முடியாது. படகைக் கைவிடும் நிலை வந்தால் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியே மீட்பவர்களுக்குத் தெரிவிக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் ஈபிர்ப் கருவியை இயக்கி, கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

புயல் கழிந்த பிறகு நங்கூரம் மேலே வர மறுக்கிறது

மறுநாள் காலையில் பெரும்பாலோர் சந்திப்பது இதைத்தான். இரவு முழுவதும் டன் கணக்கில் இழுக்கப்பட்ட நங்கூரம் சேற்றுக்குள் ஆழப் புதைந்திருக்கும். விண்ட்லாஸால் வெட்டியிழுத்தால், புயலில் தப்பிய மோட்டார் வெயிலில் எரிந்துபோகும். படகை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து, அலை தாழும் கணத்தில் சங்கிலியை முழுவதும் ஏற்றி, சங்கிலி நிறுத்தியில் பூட்டிவிட்டுப் பொறுத்திருங்கள். ஒவ்வொரு அலையும் படகின் மிதப்பு விசையால் நங்கூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும். கால் மணி, அரை மணி ஆகலாம். மேலே வந்ததும் நங்கூரத்தின் தண்டு வளைந்திருக்கிறதா, சங்கிலியை நங்கூரத்தோடு இணைக்கும் ஷேக்கிளின் ஊசி அசைந்திருக்கிறதா, விறைத்து நின்ற பகுதியின் சங்கிலிக் கண்கள் நீண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். நீண்ட கண் ஒன்று தென்பட்டாலும் அந்தச் சங்கிலியை அடுத்த புயலுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். கடலுக்குள் இறங்கிப் பார்ப்பதை ஓரிரு நாள் தள்ளிப்போடுவது நல்லது. கரையிலிருந்து அடித்துவரப்பட்ட தகரமும் கழிவுநீரும் தெளியாத நீரில் கண்ணுக்குத் தெரியாது.